பழைய நாட்டுப்புறக் கலைப்பொருள் சேர்ப்பது பற்றி பிரேம் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருஷமாகப் படங்களுக்குக் கண்ணாடியும் பிரேமும் போட்டுக் கொடுக்கிறேன். கடையின் பின்சுவரில் நான் சேர்த்தவை இருக்கின்றன: தஞ்சாவூர்ப் பக்கத்துக் கண்ணாடி ஓவியங்கள், ஒரு சிங்கள முகமூடி, பர்மா வெற்றிலைப் பெட்டி, ஜப்பான் பொம்மைகள் சில, பெயர் தெரியாத பித்தளைச் சாமான்கள் பல. வேலை முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே.

"அண்ணா, நாட்டுப்புறக் கலைன்னா எது? கோயில் சிலையும் அதுல வருமா?"

அரண்மனைக்கும் கோயிலுக்கும் சிற்ப நூல் பார்த்துச் செய்தது ஒரு வகை. ஊரில் இருக்கும் தச்சரும் குயவரும் கன்னாரும் தங்கள் ஊர்க்காரர்களின் புழக்கத்துக்குச் செய்தது இன்னொரு வகை. நான் சேர்ப்பது இரண்டாவதை. மரப்பாச்சி, தோல்பாவை, அய்யனார் கோயில் மண்குதிரை, பாட்டியின் வெற்றிலைச் செல்லம், குழந்தைக்குத் தொட்டில் கம்பில் செதுக்கிய கிளி எல்லாம் இதில் வரும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது என்று படித்தவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கணக்கு எளிது. செய்தவர் பெயர் தெரியாது, ஆனால் எதற்காகச் செய்தார் என்று பார்த்தாலே தெரிகிறது என்றால் அது என் அலமாரிக்கு வரலாம். கோயில் சிலை வேறு சமாசாரம், கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

"ஆன்டிக்னு சொல்ல எத்தனை வருஷம் ஆகியிருக்கணும்?"

சட்டத்தைக் கேட்டால் 100 வருஷம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. 1976 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 வருஷம் போதும். கடைக்காரரைக் கேட்டால் நாற்பது வருஷத்து டிரான்சிஸ்டர் ரேடியோவும் ஆன்டிக்தான்.

வயசைத் துரத்தாதீர்கள் என்பேன். பித்தளை அண்டா நூற்றைம்பது வருஷம் சும்மா இருக்கும். குழந்தை கையில் கொடுத்த கொண்டப்பள்ளிப் பொம்மை ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தாலே அதிசயம். அறுபது வருஷத்துப் பொம்மை முழுசாகக் கிடைத்தால் அண்டாவை விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன்.

"மாசம் ரெண்டாயிரம்தான் ஒதுக்க முடியும். இதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்கு இல்லையா?"

ஓவியர் பெயர் இருக்கிற ஓவியம் வாங்குவது பணக்காரர் விளையாட்டு. இது அப்படியில்லை. என் சுவரில் இருப்பதில் பாதிக்கு மேல் ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே வாங்கியவை. செலவு பொருளில் இல்லை, அலைவதில் இருக்கிறது. இரண்டாயிரத்தையும் அந்தந்த மாதமே செலவழிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் வெறுங்கையோடு திரும்பி, நாலாவது மாதம் ஒன்றே ஒன்று வாங்குகிறவர்தான் நன்றாகச் சேர்க்கிறார்.

"வெளிநாட்டுச் சாமான் நம்ம ஏரியாவுல எங்கண்ணா கிடைக்கும்?"

ஒரு காலத்தில் பதில் ஒரே சொல்: மூர் மார்க்கெட். 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், பீங்கான், கடிகாரம், பொம்மை என்று கிடைக்காதது கிடையாது. 1985 மே மாதம் தீயில் போனது. சென்ட்ரல் பக்கத்தில் இன்று புறநகர் ரயில் நிற்கும் இடம்தான் அது. அதற்குப் பிறகு இந்தப் பொருட்களுக்கு ஒரே வாசல் என்று ஒன்று இல்லை.

ஆனால் நம் பகுதிக்கு வெளிநாட்டுப் பொருள் வந்த வழிகளை யோசித்தால், எங்கே தேடுவது என்று தெரியும். துறைமுகம் இங்கே. கப்பலில் போன ராயபுரத்து ஆட்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். பெரம்பூரில் ரயில்வே வேலையில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பியபோது பீங்கானையும் பொம்மையையும் விற்றுவிட்டுப் போனார்கள். பர்மாவிலிருந்து 1960களில் திரும்பியவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியேறினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது அவர்களால்தான். சௌகார்பேட்டையில் ராஜஸ்தான், குஜராத் வீடுகளிலிருந்து பூவேலைத் துணியும் மரப்பெட்டியும் வரும்.

எனவே கண்ணாடி ஷோகேஸ் போட்ட கடைக்குப் போவதற்கு முன்னால் காயலாங்கடைக்குப் போங்கள். வீடு இடிக்கிற காண்டிராக்டரிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். தங்கசாலையில் பழைய பாத்திரத்தை எடைக்கு எடுக்கும் கடைகளில் உருக்கப் போவதற்கு முந்தின மூட்டையைக் கிளறக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு விடியற்காலையில் போனால் தெற்கத்திச் சரக்கும் கிடைக்கும். "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிப் போனவரிடம் எத்தனை கலை போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பேரீச்சம்பழம் இறங்காது.

"ஒரு நாடு, ஒரு பொருள்னு பிடிச்சுக்கணுமா? கண்டதையும் வாங்கலாமா?"

முதல் வருஷம் கண்டதையும் வாங்குங்கள், கண் பழகட்டும். பிறகு ஒரு சரடு பிடித்துக்கொள்ளுங்கள். நாட்டைச் சரடாகப் பிடிப்பது வழக்கம். எனக்கு அதைவிட வேலைமுறையைப் பிடிப்பது பிடிக்கும். ஏனென்றால் ஒரே வேலையை ஐந்து நாட்டுக்காரர் ஐந்து விதமாகச் செய்திருப்பார்கள்.

என் சரடு கண்ணாடிக்குப் பின்னால் வரைவது. தொழில் கண்ணாடி என்பதால் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்துக் குவாங்சோ பட்டறைகள் ஐரோப்பிய வியாபாரிகளுக்காக இப்படி வரைந்து தள்ளின. அந்தக் கைவேலை நம் பக்கம் வந்து, தஞ்சாவூர் வட்டாரத்தில் வெண்ணெய்க் கிருஷ்ணனும் ராமர் பட்டாபிஷேகமும் ஆனது. ருமேனியாவில் நிகுலா என்ற கிராமத்தில் 1699இல் ஒரு மாதா படம் கண்ணீர் விட்டது என்று பேச்சு கிளம்ப, ஊர் முழுக்க விவசாயிகள் அதைக் கண்ணாடியில் வரைந்து விற்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் பவேரியாவிலும் இதே வேலை உண்டு. காண்டின்ஸ்கி போன்ற பெரிய ஓவியரே அதைப் பார்த்து வரைந்து பழகினார். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில் இதற்கு சுவேர் என்று பெயர், அங்கே சூஃபி மகானின் முகம் வரும்.

எல்லா இடத்திலும் வேலை தலைகீழ்தான். சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியையும் நகைப்புள்ளியையும் இதில் முதலில் வைக்க வேண்டும். பிறகு முகத்தின் நிறம், பிறகு புடவை, கடைசியில்தான் பின்னணி. வலது இடதாகும். தப்பு செய்தால் மேலே பூசித் திருத்த வழியே இல்லை. தஞ்சாவூர்க்காரரும் ருமேனியாக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பேரும் பயந்து பயந்து வைத்த புள்ளி ஒரே மாதிரி இருக்கும். அதற்காகத்தான் சேர்க்கிறேன்.

"எங்க வீட்டுக் கண்ணாடி ஓவியத்தைக் கழட்டி உள்பக்கம் துடைச்சுத் தருவீங்களா?"

மாட்டேன். மேலே சொன்னதைப் படித்தால் காரணம் புரியும்: உள்பக்கம் இருப்பது அழுக்கு இல்லை, ஓவியம். ஈரத்துணி பட்டால் சாமி முகம் துணியோடு வரும். இப்படித் துடைத்துவிட்டு, வெறும் கண்ணாடியோடு அழுதுகொண்டே வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெளிப்பக்கத்தை மட்டும், பஞ்சை லேசாக நனைத்து, ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் துடைக்கலாம். வண்ணம் செதிள் செதிளாகக் கிளம்பியிருந்தால் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடி கீழேயும் வண்ணம் மேலேயும் இருக்கும்படி தட்டையாக வைத்து, அப்படியே தூக்கி வாருங்கள். செங்குத்தாக ஆட்டோவில் கொண்டுவந்தால் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செதிள் விழும்.

"எங்க தாத்தா பர்மால இருந்து கொண்டாந்த டப்பா இது. நிஜமான அரக்குதானா?"

நாம் அரக்கு என்று சொல்வது பூச்சியிடமிருந்து வருவது. பர்மாக்காரர் பூசுவது தித்சி என்ற மரத்துப் பால். மூங்கில் சிம்பைப் பின்னி உருவம் செய்து, அதன்மேல் அந்தப் பாலைப் பூசி, ஈரமான நிலவறையில் வைத்துக் காயவிடுவார்கள். காய்ந்ததும் அடுத்த பூச்சு. நல்ல பெட்டி முடிய மாதக்கணக்காகும். பிறகு ஊசியால் கீறி, கீறலில் நிறம் ஏற்றித் துடைத்தால் சிவப்பும் பச்சையும் கோடாக நிற்கும். பகான் பக்கம் இந்த வேலைக்குப் பேர்போன இடம்.

கையில் எடுத்தால் நம்ப முடியாத லேசாக இருக்க வேண்டும். விளிம்பு உடைந்த இடத்தில் மூங்கில் சிம்பு தெரிய வேண்டும். மிக உயர்ந்த கிண்ணங்களில் குதிரை மயிரும் சேர்த்துப் பின்னியிருக்கும், விளிம்பை இரண்டு விரலால் அமுக்கினால் வளையும். தயவுசெய்து அமுக்கிப் பார்க்காதீர்கள், பழசு பட்டென்று போகும். நிறம் கோடாகக் கீறப்படாமல் வெறும் பெயிண்டாக மேலே உட்கார்ந்திருந்தால் சமீபத்தது.

தாத்தா கதையைப் பற்றி ஒரு வார்த்தை. 1960களில் பர்மாவில் கப்பலேறியவர்களிடம் போட்டிருந்த நகையைக் கூட விடாமல் அந்த ஊர் அதிகாரிகள் வாங்கிக்கொண்டார்கள் என்று வியாசர்பாடிப் பெரியவர்கள் சொல்வார்கள். "அப்போ வந்த குடும்பம், இருபது பெட்டி இருக்கு" என்று ஒரு வியாபாரி சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன். அதற்கு முன்பே பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் கொண்டுவந்தவை காரைக்குடிப் பக்கம் ஏராளம். நம் கைக்கு வருவதில் பெரும்பாலும் அந்தச் சரக்கு.

"அடியில மேட் இன் ஜப்பான்னு இருக்கு. அப்ப பழசு கிடையாதுதானே?"

எழுத்து இருப்பது நல்லது, அது தேதி சொல்லும். 1891 முதல் அமெரிக்கா தன் நாட்டுக்குள் வரும் பொருளில் செய்த நாட்டின் பெயரை எழுதச் சொன்னது. ஜப்பானியர் முதலில் நிப்பான் என்று எழுதினார்கள். 1921இல் அது செல்லாது, ஜப்பான் என்றே எழுது என்றார்கள். உலகப் போரில் தோற்ற பிறகு 1952 வரை சில பொருட்களில் ஆக்குபைடு ஜப்பான் என்று இருக்கும். நிப்பான் என்று பார்த்தால் ஏறக்குறைய நூறு வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாட்டுப் பெயர்களே கடிகாரம். செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918க்கு முன் இல்லை. சிலோன் 1972இல் இலங்கை ஆனது. பர்மா 1989இல் மியான்மர் ஆனது. யு.எஸ்.எஸ்.ஆர் 1922க்கும் 1991க்கும் நடுவில்தான். ஒன்றுக்குள் ஒன்று வைக்கும் ரஷ்யப் பொம்மை 1890களில்தான் முதன்முதலில் செய்யப்பட்டது. அதை இருநூறு வருஷத்துப் பொம்மை என்று என்னிடமே விற்க வந்தார் ஒருவர். சிரிக்காமல் டீ கொடுத்து அனுப்பினேன்.

ஜப்பான் பொம்மை என்றதும் ஒரு எச்சரிக்கை. கொலுவில் வைக்கும் பழைய மெல்லிய பொம்மைகளில் சில செல்லுலாய்டு. விரலால் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். கற்பூரம் போலவே பற்றும். குத்துவிளக்குக்குப் பக்கத்துப் படியில் வைக்காதீர்கள்.

"முகமூடியெல்லாம் வீட்ல மாட்டினா ஆகாதுன்னு அம்மா திட்றாங்க"

அம்மாவிடம் வாதாட நான் வரமாட்டேன். ஆனால் இதைச் சொல்லிப் பாருங்கள். இலங்கையில் அம்பலாங்கொடை பக்கம் செய்யும் முகமூடிகளில் பேயோட்டும் சடங்குக்கானவை பதினெட்டு, ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு. முகத்தைப் பார்த்தாலே நோய் தெரியும், வாய் கோணியிருக்கும், கண் பிதுங்கியிருக்கும். ஆடிப் பேயை வரவழைத்து, கேலி செய்து, நோயாளியை விட்டு விரட்டுவார்கள். நாக, கருட முகமூடிகளை இன்று வீட்டில் மாட்டுவதே திருஷ்டி கழிய. நம் ஊரில் கட்டுகிற வீட்டு வாசலில் பூதத் தலை தொங்கவிடுகிறோமே, அதற்குச் சித்தப்பா முறை.

அப்படியும் சம்மதிக்கவில்லை என்றால் என் கடை மாதிரி வேறொரு சுவர் தேடிக்கொள்ளுங்கள். என் முகமூடியும் என் வீட்டில் இல்லை.

"போலின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சுருக்கமா சொல்லுங்க"

சுருக்கமாக: தேய்மானத்தைப் பாருங்கள். கொஞ்சம் நீளமாக: கை எங்கே படுமோ அங்கே தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெற்றிலைப் பெட்டி மூடியை எந்த இரண்டு இடத்தில் பிடித்துத் திறப்போமோ அங்கே பூச்சு மழுங்கியிருக்கும். முகமூடியின் உள்பக்கம் நெற்றியும் மூக்கும் படும் இடம் வியர்வையில் கறுத்திருக்கும், கயிற்றுத் துளை இழுபட்டு நீண்டிருக்கும். மரப்பாச்சியில் மூக்கு முதலில் போகும், முதுகு கடைசியில் போகும். போலி செய்பவர் எல்லா இடத்தையும் சமமாகக் கிழடாக்குவார். டீ டிகாக்‌ஷன், ஷூ பாலிஷ், சிம்னிப் புகை என்று எதைப் பூசினாலும் சமமாகத்தான் பூச வரும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். இருபது வருஷம் முன்னால் ஒருவரிடம் மேற்கு ஆப்பிரிக்க ஆட்ட முகமூடி என்று நாலாயிரம் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்கத் துளையே இல்லை. ஆடினவர் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாரோ என்னவோ. வாசம் வேறு செருப்பு பாலிஷ் வாசம்.

இன்னும் சில கைக்கருவிகள். ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் வந்தது, அதற்கு முந்திய பெட்டி என்றால் அது இருக்கக் கூடாது. இருந்தால் யாரோ பழுது பார்த்திருக்க வேண்டும், மற்ற இடங்களையும் பாருங்கள். உளுத்த துளை என்று டிரில் போட்டிருப்பார்கள். மெல்லிய கம்பியை விட்டால் நேராகப் போகும், பூச்சி நேராகப் போகாது. இருட்டில் யூவி டார்ச் அடித்தால் பழைய நூலும் காகிதமும் மங்கலாக இருக்கும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மை கூட்டும் ரசாயனம் உள்ளது, அது இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் பாட்டி புடவையை யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

"பித்தளை பச்சையா பூத்திருக்கு, புளி போட்டுத் தேய்ச்சுடட்டுமா?"

நில்லுங்கள். வழவழப்பாக, கெட்டியாக, கரும்பச்சையாக இருந்தால் அது களிம்பு ஏறிய பழமை. அதுவே பொருளுக்குக் கவசம், விலையும் அதில்தான். வெளிர்பச்சையில் மாவு மாவாக, துடைத்தால் மறுபடி மறுபடி வந்தால் அது நோய். செம்பு கலந்த உலோகத்துக்குள் உப்பு இறங்கி, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் தின்றுகொண்டே போகிறது. காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நமக்கு உப்பும் ஈரமும் இலவசம்.

அந்த மாவை மூங்கில் குச்சியால் உலர்வாகச் சுரண்டி எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, மற்ற பொருட்களிலிருந்து பிரித்து வையுங்கள். புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரே வேண்டாம். வீட்டில் தினம் ஏற்றும் விளக்கு மட்டும் விதிவிலக்கு. நாலு தலைமுறையாக வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்த தேய்ப்புதான் அதன் அழகு, தொடர்ந்து தேயுங்கள்.

"மரப்பொம்மைக்குக் கீழ தினம் மாவு கொட்டுது"

உளு, மரத்தைத் துளைக்கும் பூச்சி. கரையான் என்றால் மண் இருக்கும், இது சலித்த மாவு மாதிரி இருக்கும். அந்தப் பொம்மையை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். பாலித்தீன் பையில் காற்றை அமுக்கி எடுத்து ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், இல்லையென்றால் மரத்தின்மேல் வியர்க்கும். பூசாத மரத்துக்கு இது நல்ல வைத்தியம். கெட்டிப் பூச்சுள்ள பொம்மை, பர்மா அரக்கு, கண்ணாடி ஓவியம் மூன்றையும் ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஃப்ரீசரில் மீன் இருக்கும் இடத்தில் பொம்மை வைக்க வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

"நம்ம ஊர் காத்துல இதெல்லாம் தாங்குமா? ஏசி போடணுமா?"

பொருளுக்குப் பொருள் வேறு. உலோகத்துக்கு ஈரம் எமன். பர்மா அரக்குக்கு ஈரம் தாய்வீடு, காய்ந்ததே ஈரத்தில்தானே. ஏசி அறையில் அது வெடிக்கும். எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்காதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம். பகலில் ஏசி, இரவில் புழுக்கம் என்று மாறி மாறி வைப்பதுதான் எதற்குமே ஆகாது. ஒரே மாதிரி இருந்தால் பொருள் பழகிக்கொள்ளும். துணியை மடிக்காமல் உருளையில் சுற்றி, வசம்பை மெல்லிய துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். நேர் வெயில் எதற்கும் கூடாது.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? 2015 டிசம்பரிலும் கற்றோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கற்றோம். எண்ணூர்க்காரர்களுக்கு வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. என் கடையில் முழங்கால் தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த சுடுமண் குதிரை இரண்டும் நின்றன, ஆனால் காய்ந்த பிறகு உப்புப் பூத்து மேல்தோல் உதிர்ந்தது. தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே எதையும் வைப்பதில்லை இப்போது.

"ஆயா வீட்ல தந்தத்துல ஒரு சிமிழ் இருக்கு, மான் கொம்பும் இருக்கு. வாங்கிக்கறீங்களா?"

மாட்டேன், வேறு யாரிடமும் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாங்குவதும் விற்பதும் குற்றம். இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986இலும், ஆப்பிரிக்கத் தந்தம் 1991இலும் தடையானது. ஆமை ஓட்டுச் சீப்புக்கும் இதே கதை. தாத்தா காலத்தது என்பது விற்பதற்கு அனுமதி ஆகாது. வீட்டில் இருப்பதைப் பற்றி வனத்துறையிடம் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது.

"பொண்ணு அமெரிக்கால இருக்கா. ஒரு பழைய பெட்டியை அனுப்பலாமா?"

நூறு வருஷம் ஆகியிருந்தால் முடியாது. தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப, முன்னால் சொன்ன 1972 சட்டம் இடமே தரவில்லை. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. எந்த நாட்டில் செய்தது என்று வரையறை பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது. ஆகவே பர்மாப் பெட்டியானாலும் அது இங்கே இருக்கிற தொல்பொருள். நூறு ஆகவில்லை, ஆனால் பழசாகத் தெரிகிறது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கி அனுப்புங்கள். அவர்களின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது.

சிற்பம், ஓவியம் போன்ற சில வகைகள் நூறு தாண்டியிருந்தால் வீட்டில் வைத்திருப்பதற்கே பதிவு வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னாலேயே பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்பது தலைவலியைக் குறைக்கும். வெளிநாட்டிலிருந்து நீங்கள் வரவழைத்தாலும், அந்த நாடு வெளியே விட்டதற்குத் தாள் கேளுங்கள்.

"ஒருத்தர் சின்ன அம்மன் சிலை ஒண்ணு தர்றேங்கிறார், வயல்ல கிடைச்சதாம்..."

அந்த வாக்கியத்தை முடிக்கவே வேண்டாம். மண்ணில் கிடைத்த புதையலை அரசிடம் தெரிவிக்கச் சொல்லும் சட்டம் 1878லிருந்தே இருக்கிறது. கோயிலிலிருந்து போனதாக இருந்தால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வீடு தேடி வரும். சட்டத்தை விடுங்கள், ஏதோ ஓர் ஊர் அந்த இடத்தில் வெறும் பீடத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்.

"இதெல்லாம் இப்ப என்ன விலைக்குப் போகும்?"

வாங்குகிறவர் எதிரில் நிற்கும்போது என்ன தருகிறாரோ அது. இதை முதலீடாக நினைத்து வந்தால் ஏமாறுவீர்கள். அதற்குத் தங்கம் இருக்கிறது.

"நோட்டுல என்ன எழுதறீங்கண்ணா எப்பப் பார்த்தாலும்?"

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். எந்தத் தெரு, யார் வீடு, எந்தத் தேதி, என்ன விலை. விற்றவர் சொன்ன கதையை ஒரு நிற மையில், நான் பார்த்ததை இன்னொரு நிறத்தில். இரண்டையும் கலக்க மாட்டேன், ஏனென்றால் பத்து வருஷம் கழித்து எது யார் சொன்னது என்று எனக்கே குழம்பும். எண்ணைப் பொருள்மேல் எழுதாமல் துணிச்சீட்டில் எழுதி நூலால் கட்டிவிடுவேன். செல்லோ டேப் ஒட்டினால் கறை போகாது.

பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையே, பிறகு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கும் இந்த நோட்டுதான் பதில். நோட்டு இருந்தால் ஒரு அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ள யோசிக்கும். நோட்டு இல்லாவிட்டால் காயலாங்கடையிலிருந்து வந்தது காயலாங்கடைக்கே போகும்.

"நீங்க வாங்கினதை வித்தவங்களே திரும்பக் கேட்டா தருவீங்களா?"

ஒரு முறை நடந்தது. காலடிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். தம்பி அவருக்குத் தெரியாமல் எடைக்குப் போட்ட கண்ணாடி ஓவியம் கைமாறிக் கைமாறி என் சுவருக்கு வந்திருக்கிறது. யசோதை மடியில் கிருஷ்ணன். பின்பலகை ஓரத்தில் சின்னதாக ஒரு எண்ணெய்க் கறை. அதை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்: மாடத்து விளக்குக்கு மேலே மாட்டியிருந்ததாம், அவர் அம்மா திரி தூண்டிய விரலால் தினம் படத்தை நேர்படுத்துவாராம். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் நிற மையில் "இடது ஓரம் எண்ணெய், காரணம் தெரியவில்லை" என்று இருந்தது.

வாங்கின விலைக்கே கொடுத்தேன். பிரேம் நான் புதிதாகப் போட்டது, அதற்கு மட்டும் கூலி கேட்டேன். அவர் ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.